பாஞ்சாலையை யாரும் கேட்கவில்லை

நடுநிலை தவறாத நாவோடு நடுவே வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே! ஆண்டவன் உண்டென்று ஒரு பக்கமும், இல்லையென்று மறுபக்கமும் இடியென முழங்கி அமர்ந்த அறிஞர் பெருமக்களே! வெயில் தாழும் முன்னே வேலையை விட்டு வந்த பெரியோர்களே! பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காதை எனக்குக் கொடுத்திருக்கும் தாய்மார்களே! அடி அண்ணாமலை ஊர்க் கண்ணாயிரத்தின் வணக்கம். எழுத்து அறியாதவன் நான். கண்டதை மறக்கவும் அறியாதவன்.

நிம்மதியாய் வாழ்பவர் பக்தரா, நாத்திகரா? இதுதானே இன்றைய வழக்கு? அந்த இருவரையும் ஒரே நாளில் என் வாசலில் பார்த்தவன் நான்.

எழுபத்துநாலு, ஆடி மாதம். என் மருமகன் மூர்த்தி, சைக்கிள் கடைக்காரன், சாமி இல்லை என்றவன், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். என் மகள் பாஞ்சாலைக்கு இருபத்திரண்டு வயது.

பத்தாம் நாள் வளையல் உடைக்க வந்தாள் என் அக்கா தங்கம்மாள். ஒரு பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவள். "அழுவாதடி! எல்லாம் அண்ணாமலையார் விதிச்சது. கையை நீட்டு" என்றாள்.

மூர்த்தியின் தோழன் அர்ஜுனன் இரண்டு முழம் மல்லியோடு வந்தான். "அழுவாதம்மா! செத்தவன் மேலயும் போவல, கீழயும் போவல. பூவ வை, ஊரு பாக்கட்டும்" என்றான்.

கேட்டீர்களா, தாய்மார்களே? இரண்டு வாய்க்கும் முதற்சொல் ஒன்றே: அழாதே!

"ஏம்பா, உங்க ஜம்பத்துக்கு எங்க வூட்டுப் பொண்ணுதான் கெடைச்சாளா?" என்றாள் அக்கா.

"உங்க சாமிக்கு இவ வளையல்தான் கெடைச்சுதா, அத்தை?"

சிரிக்கிறீர்கள். அன்றும் வாசலில் சிரித்தார்கள். ஒரு கையில் வளையல் உடைந்தது. மறுகையை அர்ஜுனன் விடவில்லை. தலையில் பூ, ஒற்றைக் கை மொட்டை. அப்படியே உட்கார்ந்திருந்தாள் என் மகள். பெற்றவன் நான் என்ன செய்தேன்? எந்தப் பக்கம் நியாயம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்!

எல்லோரும் போன பிறகு கேட்டாள்: "அப்பா, ஆணியில மாட்டியிருந்த அவுரு சட்டை எங்க?"

காய்ச்சல் வேர்வையோடு அவன் கழற்றிய கறுப்புச் சட்டை. பத்து நாளும் அதில்தான் முகம் புதைத்துக் கிடந்தாள். மற்றத் துணிகளை அக்கா வழக்கப்படி கொடுத்தனுப்பிவிட்டாள். சட்டையை மட்டும் அர்ஜுனன் நினைவுக்கென்று காலையிலேயே அவர்கள் கட்சிப் படிப்பகத்துக்குக் கொண்டுபோயிருந்தான். ஓடினேன். "நல்லா வெளுத்து, பெட்டி போட்டு வச்சிருக்கேன், பெரியவரே" என்று கண் கலங்கிக் கொடுத்தான். அவன் அன்பில் பொய்யில்லை, ஐயா.

வாங்கி முகர்ந்தாள் பாஞ்சாலை. "சோப்பு வாசம்பா" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. நான்கு ஆண்டாயிற்று.

யாரது? "எந்தக் கட்சின்னு சொல்லு, பெருசு!" என்பது? சொல்கிறேன், தம்பி. நிம்மதி யாருக்கு? இருவருக்கும்தான்! படுத்தால் தூங்குகிறாள் என் அக்கா. படுத்தால் தூங்குகிறான் அர்ஜுனன். உண்டென்று உறுதியாய் நின்றவளுக்கும் குறையில்லை. இல்லையென்று உறுதியாய் நின்றவனுக்கும் குறையில்லை. நான்தான் திங்களன்று கோபுரத்தைக் கும்பிட்டேன், செவ்வாயன்று படிப்பகத்து வாசலில் நின்றேன். எங்கும் தூக்கமில்லை. எங்கும் என் மகள் வாய் திறக்கவில்லை.

அவரவர் நிம்மதியை அளந்தீர்கள், அறிஞர்களே. அந்த நிம்மதி அடுத்தவள் கண்ணீரை ஒரு நாழிகை பொறுத்ததா? அழவிடாத பக்தி எதற்கு? அழவிடாத பகுத்தறிவு எதற்கு? இரண்டுக்கும் நடுவே கைகட்டி நின்ற அப்பன்தான் எதற்கு?

என் ஓட்டு எந்தப் பக்கமும் இல்லை. பேசச் சொன்ன தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. நான் ஊட்டினால்தான் பாஞ்சாலை நாலு வாய் சாப்பிடுவாள், புறப்படுகிறேன். வணக்கம்.