சிவப்புத் தையலுக்காகப் பழி சுமந்த லென்ஸ் அக்காவுக்கு

கைவினைக் காட்சியகத்தின் கண்ணே, காப்பறையின் காவலே, களிமண்ணும் கந்தலும் கோரைப்புல்லும் உங்கள் கைபட்டால் வாய் திறக்கும் என்று எங்களுக்குக் காட்டியவரே, கழுத்தில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் எங்கள் அனைவருக்கும் லென்ஸ் அக்கா ஆனவரே, வணக்கம்!

பணி ஓய்வு நாளில் வாசிக்கும் பாராட்டு மடல் பூப்போல இருக்க வேண்டும் என்பார்கள். எங்களுக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு எழுதியதால் இதில் பூவைவிடப் புகைதான் அதிகம். பொறுத்தருள்க.

முப்பத்தொரு ஆண்டுகளாக, வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாள் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "எதையும் முதல்ல திருப்பிப் பாருங்க. செஞ்சவங்க பின்பக்கம்தான் இருப்பாங்க." திருப்பினோம். பனிநாட்டு மரக்கரண்டியின் காம்புக்கு அடியில் மூன்று கீறல்கள். தீவிலிருந்து வந்த கூடையின் அடியில் இடப்பக்கம் மடிந்த ஒற்றைப் புல். மண்குதிரையின் வயிற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை. 'நாட்டுப்புறக் கலை, செய்தவர் தெரியவில்லை' என்று சோம்பேறித்தனமாக எழுதியிருந்த அட்டைகளில் அறுநூற்றுப் பன்னிரண்டைக் கிழித்துப் போட்டு, ஊர் ஊராகக் கடிதம் எழுதி, செய்தவரின் பெயரைத் தேடிப் பொறித்தவர் நீங்கள்.

அந்தக் கைக்குக் கிடைத்த பரிசைச் சொல்கிறோம். சென்ற ஆண்டுக் கண்காட்சிக்கு தொலைதூர மலைநாடு ஒன்றின் நீல விரிப்பு எடுக்கப்பட்டது. அதன் மூலையில், ஆயிரக்கணக்கான நீலத் தையல்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புத் தையல். இதோ, மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அதைப் பிழை என்றார். "சார், அது தப்பு இல்ல. தச்ச அம்மாவோட கையெழுத்து" என்று நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள். முழங்கால் வலிக்காக நீங்கள் இரண்டு நாள் விடுப்பில் இருந்தபோது அந்தத் தையல் பிரிக்கப்பட்டது.

தைத்தவரின் மகள் அதைப் பார்க்கக் கடல் கடந்து வந்தார். மூலையைத் திருப்பினார், தடவினார், மறுபடி தடவினார். "எங்கம்மாவைக் காணோமே" என்று அவர் கேட்டதாக கூடத்தில் நின்ற எங்களிடம் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மறுவாரம் குறிப்பாணை வந்தது: 'சேதத்துக்குக் காப்பாளரே பொறுப்பு.' உங்கள் பணிப்பதிவேட்டில் அந்த வரி இன்றும் இருக்கிறது. பிரிக்கச் சொன்னவர் மேடையில். பழி உங்கள் தலையில்.

இந்த மடலின் வரைவிலிருந்து மேற்கண்ட இரண்டு பத்திகளையும் நீக்கச் சொல்லி நேற்று எங்களுக்கு உத்தரவு வந்தது. நீக்கிய படியை இயக்குநருக்குக் காட்டினோம். நீக்காத படியை உங்களுக்கு வாசிக்கிறோம். எங்களுக்கும் குறிப்பாணை வரட்டும். தலைக்கு ஒன்றாகக் கொடுக்கத் தாள் தீர்ந்துபோகும்.

அக்கா, நோய்நொடி அண்டாமல், முழங்கால் முரண்டு பிடிக்காமல், நீண்ட நெடுங்காலம் நீங்கள் நிம்மதியாக வாழ வேண்டும். அந்த நிம்மதியை வாழ்த்தால் மட்டும் தர முடியாது என்பதால் ஒரு வேலை செய்திருக்கிறோம். இந்த மடலைப் போட்டிருக்கும் மரச்சட்டத்தைக் கையில் வாங்கியதும் நீங்கள் கற்றுத்தந்தபடியே திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கம் நம் தையல்காரர் தம் கையால் எழுதியிருக்கிறார்: எந்தத் தேதியில், யார் வாயால் சொல்லி, அந்தத் தையலைத் தாம் பிரித்தார் என்று. தூக்கிப் போட மனம் வராமல் ஊசிப்பெட்டியில் அவர் வைத்திருந்த சிவப்பு நூல் அந்த மகளுக்குப் போய்விட்டது. அவர் எழுதியதன் நகல் இன்று காலை நிர்வாகக் குழுவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

என்றும் உங்கள் அன்பில்,
காப்பறை, கண்காட்சிக்கூடம், சீட்டு விற்பனை, தோட்டம், வாயிற்காவல், தையல் பிரிவு ஊழியர்கள்.

செய்தவர்களின் பெயர்கள் பின்பக்கம்.