யாரும் வரத் தேவையில்லாத கூட்டம்

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் எங்கள் நிர்வாக இயக்குநர் அவர்களே, பணியில் மூத்த பெருமக்களே, வீட்டையும் அலுவலகத்தையும் ஒருசேரச் சுமந்துகொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, மேடையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மடியில் செல்போன் பார்க்கும் என் அருமைத் தோழர்களே! மின்னஞ்சல் சர்வருக்குக் காவல் கிடப்பவனின் கனிவான வணக்கம்.

இணையவழிக் கூட்டக் கோளாறைச் சரிசெய்தேன் என்று எனக்குக் கேடயம் கொடுத்தீர்கள். என்ன கோளாறு அது? நம் அஞ்சல் பெட்டிகளில் பாதி, இணையத்தில் எங்கோ இருக்கும் கிளவுடுக்குக் குடிபோய்விட்டன. மீதி, கீழ்த்தளத்துப் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டன. தங்கியவர்கள் கூட்டம் போடப் பொத்தானை அழுத்தினால் வந்தது என்ன? 'இயலவில்லை, பிறகு முயலவும்.' காலையில் முயன்றார்கள், இயலவில்லை. மாலையில் முயன்றார்கள், இயலவில்லை. மூன்று மாதம் முயன்றார்கள், இயலவில்லை! பிறகு என்னைத் திட்ட முயன்றார்கள். அது மட்டும் எல்லோருக்கும் இயன்றது! சிரிக்கிறீர்கள். திட்டியவர்கள்தான் பலமாகச் சிரிக்கிறீர்கள்.

காரணம் கடுகளவு. கிளவுடில் இருக்கும் கூட்டச் சேவை, பழைய சர்வரின் கதவைத் தட்டி, இவருடைய நாட்காட்டியைக் காட்டு என்று கேட்க வேண்டும். கதவைத் திறக்கும் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பித்தேன். சோதித்துப் பார்க்க, பழைய சர்வரில் இருந்த பதினேழு பேருக்கும் ஓர் அழைப்பு அனுப்பினேன். தலைப்பு, 'சோதனை. யாரும் வரத் தேவையில்லை.' தினமும் பதினொரு மணிக்கு என்று குறித்தவன், முடியும் தேதியைக் குறிக்க மறந்துபோனேன்.

ஆறு வாரம் கழித்து அதை அழிக்கப் போனபோது வருகைப் பட்டியலைப் பார்த்தேன். பதினாறு பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒருவர், முப்பது வேலை நாளும் தவறாமல் வந்து, பத்துப் பதினைந்து நிமிடம் தன்னந்தனியாகக் காத்திருந்திருக்கிறார். யார் அவர்? பின்கட்டடத்துப் பதிவேட்டு அறையில் ஒற்றை ஆளாக வேலை பார்க்கும் அம்மா. நேரே போனேன். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி. வருகிறவர் உட்கார இன்னொரு நாற்காலி அங்கே இல்லை.

"எதுக்கும்மா தினமும் வர்றீங்க? வர வேணாம்னுதானே போட்டிருந்தேன்?"

"பாத்தேன் தம்பி. ஆனா அழைப்புல என் பேரு இருந்துச்சே."

"வேற யாருமே வரமாட்டாங்களேம்மா."

"தப்பித் தவறி யாராவது வந்துட்டா, அவங்க தனியா உக்காந்திருக்கக் கூடாதில்ல?"

அந்த அழைப்பை நான் அழிக்கவில்லை. கோளாறு தீர்ந்துவிட்டது, இனி எல்லாக் கூட்டத்துக்கும் உங்களைக் கூப்பிடுவார்கள் என்று மார்தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால், நாட்காட்டியைத் திறந்து காட்டுகிறார். என் சோதனையைத் தவிர ஒன்றுமில்லை.

"இன்னும் சரியாகலையா தம்பி?"

சர்வர் சரியாக இருக்கிறதே! சான்றிதழ் சரியாக இருக்கிறதே! பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டிய விரல்கள் அல்லவா மறந்துவிட்டன! யாருடைய விரல்கள்? உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை, தோழர்களே. இந்த விழாவின் அழைப்புப் பட்டியலை அனுப்பியவன் நான். போன வருடத்துப் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினேன். சற்று முன், கீழே உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். அதில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. பத்து வருடமாகக் கீழ்த்தளத்தில் மின்விசிறி இரைச்சலோடு தனியாக உட்கார்ந்திருப்பவன், ஒருவரும் பேசாத நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தவன், நானே மறந்தேன்!

என்ன, சுருக்கமாகவா? ஆம் ஐயா, நேரமாகிவிட்டது. மணி பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கிறது. இப்போது அவர் கணினி முன்னால் வந்து உட்காருவார். கேடயம் இங்கேயே இருக்கட்டும். நான் பின்கட்டடத்துக்கு நடக்கிறேன், அவரை நேரில் கூப்பிட. முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் போட்டு வையுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கத்தை மட்டும் இங்கே சொல்லவில்லை. அதை அந்த அறை வாசலில் சொல்லிக்கொள்கிறேன்.