தாகத்துக்கு வேறு சொல்

வீட்டுப்பாடம் முடிக்காமல் அரபு வகுப்புக்கு நான் ஒரு நாளும் போனதில்லை ஐயா. அங்கே பெரும்பாலான சொற்களுக்கு மூன்றெழுத்து வேர் உண்டு. வேர் பிடிபட்டால் சொல் தானே வரும். வெறுப்புக்கு மட்டும் எத்தனை சொற்கள். ‘ஹிக்து’ என்றால் உள்ளே பூட்டிவைத்த பகை. வானம் மழையை அடக்கிக்கொள்வதற்கும், சுரங்கம் தோண்டியும் ஒன்றும் தராததற்கும் அதே எழுத்துகள்தாம். சரியாகத்தான் சொல்கிறேனா என்று இப்போதும் சந்தேகம், ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குத் திக்குவாய். அண்ணனும் நானும் ஒரே மரக்கிடங்கில் வேலை பார்த்தோம். அரபு தெரிந்த ஒருவரை வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்பப்போவதாக மேலாளர் சொன்னார். “அண்ணனுக்கும் நாலு வார்த்தை சொல்லிக் குடுப்பா, ஒண்ணும் கொறஞ்சிட மாட்டே” என்றார் அம்மா. சொல்லிக்கொடுத்தேன். நேர்காணலில் என் வாக்கியங்களை மடை திறந்தாற்போல் ஒப்பித்தான். “தம்பிக்கு அறிவு இருக்கு சார், வாய்தான் வராது. அங்க போய் மானத்த வாங்கிடுவான்” என்றும் சேர்த்துக்கொண்டான். வேலை அவனுக்கு.

கிளம்புவதற்கு முன்தினம், சுமை தூக்குகிறவர்கள் நடுவில் என்னை நிறுத்தினான்.

“டேய் திக்கு, அரபில போயிட்டு வான்னு சொல்லுடா. நீ முடிக்கிறதுக்குள்ள நான் போயிட்டே வந்துடுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று அரைநாள் வேலை. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, பலகைகளைச் சூட்டில் உலர்த்தும் அறைக்குள் அவன் ஈரம் பார்க்கப் போனான். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். சூட்டைக் கூட்டினேன்.

“வெளையாடாதடா, கதவத் திற” என்றான். வெகுநேரம் கழித்து, “கண்ணு, கொஞ்சம் தண்ணிடா” என்றான். என்னை அவன் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

“எரியிற தாகத்துக்கு அரபில என்ன வார்த்தை?” என்று கேட்டேன். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை.

“கில்... கில்...”

ககரம் சரியாகத் தொண்டையில் உரசியது, மீதி தவறு. தாகம் என்றால் ‘கலீல்’. ‘கில்’ என்றால் குரோதம். வேர் ஒன்றுதான், சொல் வேறு. உயிரொலிகளில் அவன் எப்போதுமே அலட்சியம். கதவில் வாய் வைத்து இரண்டையும் பிரித்துச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். தட்டும் சத்தம் நின்ற பிறகும், அவனுக்குப் புரிந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை சொன்னேன்.

அவனை வெறுத்துக் கொன்றேன் என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். கொன்றேன் என்பது சரி. வெறுத்து என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. வெறுக்கிறவன் அவ்வளவு பொறுமையாகப் பாடம் நடத்துவானா?