பதினோரு நிமிட ரீஸ்டார்ட்

லேப்டாப் மெதுவாக ரீஸ்டார்ட் ஆனால் ரேம் போட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு, ஐயா. பத்துக்கு எட்டு லேப்டாப்பில் ரேம் குறை இருக்காது. உங்கள் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரைக்கூட நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆன் பண்ணிவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் சரி செய்து தருகிறேன். பதினாலு வருடமாக எனக்கு இதுதான் தொழில். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி பிரபாகர் கடை எங்கே என்று கேட்டால் யாரானாலும் வழி சொல்வார்கள்.

கேட்டதற்கு வருகிறேன். தமிழினி அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு வந்தாள். சின்னுசாமி மாமாவின் மகள். அவர்கள் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வாய்க்கால் பாசனம். அவள் அண்ணன் கதிர்வேல் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறான், வருடத்தில் எட்டு மாதம் வடக்கேதான் இருப்பான். இவள் வீட்டிலேயே உட்கார்ந்து, சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டுக் கொடுப்பாள். கெட்டிக்காரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

"ஏனுங்ணா, ரீஸ்டார்ட் குடுத்தா பதினோரு நிமிசம் ஆகுதுங். மணி வெச்சே பாத்துட்டனுங். நாளைக்குக் காத்தால வேணுமுங்ணா."

"அப்படி என்ன சாமி அவசரம்?"

"டிசைன் ஒண்ணு அனுப்போணுமுங்."

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மூடியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பெயர், போன் நம்பர், என்ன கோளாறு, பாஸ்வேர்டு, நான்கையும் பேனாவால் எழுதிவிடுவோம். பாஸ்வேர்டு இல்லாமல் நாங்கள் எதைப் பார்ப்பது? எங்கள் ஊர்க்காரர்கள் பீரோ சாவியைச் சொந்த மருமகளிடம் கொடுக்க யோசிப்பார்கள். பாஸ்வேர்டை மட்டும் என் மேஜையில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். அவளும் எழுதிக் கொடுத்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கோளாறு சாதாரணமானது. ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டு மல்லுக்கு நின்றன. பாதியில் நின்றுபோன அப்டேட் ஒன்று. ஆன் ஆகும்போதே தானாகத் திறந்துகொள்கிற புரோகிராம்கள் எட்டு. ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அதுதான் முறை. தானாகத் திறந்த எட்டில் வாட்ஸப்பும் ஒன்று. நான் எதையும் தோண்டிப் பார்க்கவில்லை, ஐயா. அதுவாக வந்து கண் முன்னால் நின்றது.

மேலே இருந்த செய்தி இது: 'நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு சேலம் ஜங்சன். லேப்டாப்ப மறந்துறாத. அதுதான் நமக்குச் சோறு.' அனுப்பியவன் மதியழகன். இளம்பிள்ளையில் இவள் போடுகிற டிசைனைத் தறியில் ஏற்றுகிற பையன். நமக்குப் பெண் கொடுக்கல் வாங்கல் உள்ள ஆட்கள் இல்லை. புரிந்துகொள்ளுங்கள். சூரத்தில் ஒரு சேலை மில்லில் இரண்டு பேருக்கும் வேலை பேசி வைத்திருந்தான். ஆறு வருடமாக அவள் போட்ட டிசைன் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருந்தார்கள். அது இல்லாமல் அவள் ஊரைவிட்டு நகர முடியாது.

மதியம் பன்னிரண்டரைக்கு வேலை முடிந்துவிட்டது. ரீஸ்டார்ட் பதினான்கு வினாடியில் ஆனது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் பதினாலுதான். அப்புறம்தான் கதிர்வேலுக்கு போன் செய்தேன்.

அவன் சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக்குள் போர் போட்டுக்கொண்டிருந்தான். ரிக் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளி வந்து கேட்டான். "வண்டிய ஆளுககிட்ட உட்டுப்போட்டு வாரேன். வேசாழக்கெழம வரைக்கும் புடிச்சு வெய்யி பிரபா" என்றான். வேறு எதுவும் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் பெரியப்பா மகள் விஷயத்தில் அவன் என்ன செய்தான் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கேஸ் நிற்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

சின்னுசாமி மாமாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அவர் அரை கிலோமீட்டரில் இருந்தார், மகன் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருந்தான். ஆனால் மாமா இளகிய மனசுக்காரர். மகள் ஒரு மூச்சு அழுதால் 'போய் நல்லாயிரு கண்ணு' என்று அனுப்பி வைத்துவிடுவார். அவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

இன்னொன்றையும் யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் என் அம்மா முத்தாயம்மாள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். குலக் கூட்டம் வேறு வேறு, முறை சரி, பொருத்தமும் இருந்தது. அவள்தான் வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து என்னை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு இப்போது முப்பத்தாறு முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண் கிடைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் பக்கத்தில் உட்காருகிற கிழவனெல்லாம் 'இன்னும் அமையலையா தம்பி' என்பான். இதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நாலு வருடம் ரெண்டு மாதம் ஆகிவிட்டது. அந்தச் செய்திகளைப் படித்தபோது வயிறு எரிந்தது உண்மை. மனுசன்தானே.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போதே ஷட்டர் முன்னால் நின்றிருந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்து, சின்னப் பை ஒன்று. "ரெடிங்களாணா?" என்றாள். ஹார்டு டிஸ்க் சாகிற நிலையில் இருக்கிறது என்றேன். டிசைனை மட்டும் பென் டிரைவில் காப்பி பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டாள். "இப்ப அதத் தொட்டா மொத்தமும் போயிருஞ் சாமி. ஆறு வருச உழைப்பு. ரெண்டு நாளு பொறுத்துக்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பத்து நிமிடத்தில் அவள் போனிலிருந்து மதியழகனுக்கு அனுப்பிய செய்தி என் மேஜையில் இருந்த லேப்டாப்பிலும் வந்தது: 'அண்ணா நல்லவங்க. எப்படியாச்சும் காப்பாத்திக் குடுத்துருவாங்க. ரெண்டு நாளு பொறு.'

புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். எடுத்த கோளாறுகளை எல்லாம் இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். இரண்டு ஆன்டிவைரஸ், அந்த அப்டேட், எட்டு புரோகிராம், எல்லாம். சரி செய்வதைவிட இது கஷ்டமான வேலை. சாயந்திரம் போட்டுப் பார்த்தேன், பதினோரு நிமிடம், சுத்தமாக. அவளுக்கு போன் செய்து, நாளை மூன்றரைக்கு வா, கண்டிப்பாகத் தருகிறேன் என்றேன். "கோடி புண்ணியமுங்ணா" என்றாள்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தாள். கதிர்வேல் மூன்று நாற்பதுக்குக் கூப்பிட்டான். சங்ககிரி தாண்டியாகிவிட்டது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கடையில் இருப்பேன் என்றான். நான் போனை வைத்துவிட்டு, "ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிக் காட்டிப்போட்டுக் குடுத்தர்றேன்" என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே பட்டனை அழுத்தினேன். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. அவர்கள் மாற்றி வைத்திருந்த ரயில் ஆறு மணிக்கு. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து புள்ளிகளையே பார்த்தாள்.

நாலு நிமிடத்தில், "இன்னும் சரியாவுலீங்களாணா?" என்றாள். கடைசித் தடவை அப்படித்தான் இருக்கும் என்றேன். ஏழாவது நிமிடத்தில் எழுந்துவிட்டாள். அப்படியே கொடுங்கள், போகிற வழியில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பாதியில் மூடினால் டிசைன் எல்லாம் அழிந்துவிடும் என்றேன். மறுபடி உட்கார்ந்தாள். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் சொல்லி, அவள் குடித்தாள்.

கார் வந்து நின்றபோது பத்தாவது நிமிடம். கதிர்வேல் சத்தமெல்லாம் போடவில்லை. மூன்று நாள் தூங்காத கண். கதவைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம் வா சாமி" என்றான். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அண்ணா, எங்கப்பாவுக்கு ஒரு போன் பண்ணுங்ணா. இப்பவே பண்ணுங்ணா. கும்புடறனுங்ணா" என்றாள். பண்றேன் போ என்றேன். அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. போகும்போது கார்க் கண்ணாடி வழியாகப் போன் பண்ணச் சொல்லி ஜாடை காட்டிக்கொண்டே போனாள். நான் தலையை ஆட்டினேன். போன் பண்ணவில்லை.

அவர்கள் தோட்டத்துப் பழைய கிணற்றில் நீங்கள் எடுத்ததைப் பற்றி எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது. நான் அவளைத் தொட்டதே அந்த விரல்களை எடுக்கும்போது மட்டும்தான். கதிர்வேல் தன் அப்பாவிடம், தங்கை எவனோடோ ஓடிவிட்டாள் என்று சொல்லிவிட்டான். மாமா தலைமுழுகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆக, அந்த வீட்டில் தேட ஆள் இல்லை.

மதியழகன் ஏன் தேடவில்லை என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள்? அவன் எதற்காகத் தேட வேண்டும்? அவளோடு அவன் தினமும் பேசிக்கொண்டிருந்தான். போன் கிணற்றில் கிடந்தாலும் லேப்டாப்பில் இருக்கிற வாட்ஸப் இரண்டு வாரம் வரைக்கும் வேலை செய்யும், ஐயா. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

அன்று ஆறு மணிக்கு, 'எங்க இருக்க? ரயில் வந்துருச்சு' என்று வந்தது. நான் பதில் எழுதினேன். அண்ணன் வந்துவிட்டான், போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், லேப்டாப்பை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன், போலீசுக்குப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள், பொறுமையாக இரு என்று. அவள் எப்படி எழுதுவாள் என்று பழைய செய்திகளைப் படித்துப் பழகிக்கொண்டேன். பேசச் சொல்லிக் கேட்பான். குரல் வெளியே கேட்டுவிடும் என்பேன். விடிந்ததும் செய்தி போட்டு அவனை எழுப்புவேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவன் அம்மா செய்த கம்மஞ்சோற்றைப் பற்றி எழுதுவான். பெண் பிறந்தால் என்ன பெயர் வைப்பது என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். என்னிடம் யாரும் அப்படியெல்லாம் பேசியது கிடையாது. கடையில் வேலை ஓடவில்லை, எப்போது செய்தி வரும் என்றே இருந்தது.

அவனையும் கூப்பிடு என்று கதிர்வேல் மறுநாளே சொல்லிவிட்டான். நான்தான் இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். எட்டு நாள் தள்ளினேன். இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்பதாவது நாள் கதிர்வேல் கடைக்கே வந்து பக்கத்தில் நின்றுவிட்டான். சாயந்திரம் ஐந்துக்கு வாட்டர் டேங்க் பக்கத்து மண் வழிக்கு வா, தனியாக வா, நான் வந்துவிடுகிறேன் என்று எழுதினேன். அவன் வந்தான்.

இரண்டு கொலைக்கும் நான் உடந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பையன் விஷயத்தில் என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அவன் அனுப்பிய கடைசிச் செய்தியை நீங்களே படித்தீர்கள் அல்லவா? 'இந்த ஒம்போது நாளு மாதிரி நீ எங்கிட்டப் பிரியமாப் பேசுனதே இல்ல கண்ணு' என்று எழுதியிருந்தான். அவளைவிட நான் அவனை நன்றாகத்தான் வைத்திருந்தேன், ஐயா.