விட்டு விட்டு வருது

மாமனார்: இதோ பாரு, மறுபடியும் போச்சு! வீடியோ கால்ல உன் நாத்தனார் குட்டிப் பாப்பாவ மடில வெச்சுக்கிட்டு என்னமோ சொல்றா. வாய் மட்டும்தான் அசையுது.

மருமகள்: படம் நிக்குதா மாமா?

மாமனார்: படமெல்லாம் ஜோரா ஓடுது. குரல்தான் விட்டு விட்டு வருது.

மருமகள்: நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்குதா?

மாமனார்: கேக்காம? நான்தான் தொண்டை கிழியக் கத்தறேனே.

மருமகள்: சரி, அப்புறம் கூப்பிடறோம்னு சொல்லிட்டு வைங்க. ரவுட்டர ஒரு தடவ பாக்கறேன்.

மாமனார்: நேத்தும் அதத்தானே பண்ண?

மருமகள்: நேத்து அணைச்சுப் போட்டேன். இன்னிக்கு இடத்த மாத்தறேன். டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சா அது என்ன பண்ணும், பாவம்... அந்த ஸ்டூல இப்படித் தள்ளுங்க.

மாமனார்: நீ ஏறாத. நான் ஏறறேன்.

மருமகள்: நீங்க ஏறினா உங்க பிள்ளை என்னைத்தான் திட்டுவாரு. பிடிச்சுக்கங்க, போதும்.

மாமனார்: என்ன? முதுகக் காட்டிக்கிட்டுப் பேசினா எப்படி? இந்தப் பக்கம் திரும்பு.

மருமகள்: ஒண்ணுமில்ல... பிடிச்சுக்கங்க.

மாமனார்: பீரோ மேல வெய்யி. உசரத்துல இருந்தா நல்லா இழுக்கும்.

மருமகள்: ம்... பச்சை வெளக்கு வந்துடுச்சு. வேகமும் பாத்துட்டேன், பறக்குது.

மாமனார்: அப்ப கம்பெனிக்காரன்தான் ஏமாத்தறான். வரச் சொல்லு, நாலு வார்த்த கேக்கறேன்.

மருமகள்: அவர் வந்து ஒயரையே மாத்திட்டுப் போயாச்சு மாமா.

மாமனார்: அப்ப மாடி வீட்டுக்காரங்க. நம்ம நெட்ட பூரா அவங்கதான் உறிஞ்சறாங்க. பாஸ்வேர்ட மாத்து.

மருமகள்: மாத்திட்டேன். உங்க பிள்ளைக்கே இன்னும் சொல்லல.

மாமனார்: ஹா ஹா... அது நல்ல காரியம்.

மருமகள்: சிரிங்க, சிரிங்க... இப்ப நான் உள்ரூமுக்குப் போயி நெட்லயே உங்களக் கூப்பிடறேன். எடுத்துப் பேசுங்க.

மாமனார்: ஹலோ... ஹலோ!

மருமகள்: மாமா, டீ போடவா?

மாமனார்: ம்... ம்... கேக்குது.

மருமகள்: போடவா, வேண்டாமா?

மாமனார்: ஆமாமா, சாப்பிட்டாச்சு.

மருமகள்: ...

மாமனார்: பாத்தியா! உனக்கும் வெட்டுது.

மருமகள்: இதோ வந்துட்டேன்... வைங்க மாமா, ஃபோன வைங்க.

மாமனார்: நான் சொன்னா யாரு நம்பறீங்க? நெட்டு சரியில்ல.

மருமகள்: நேத்து நான் வெளில நின்னு மணி அடிச்சு அடிச்சு, கடைசில ஜன்னல் வழியா கைய ஆட்டினேனே... வாசல் மணிக்கு நெட்டு வேணுமா?

மாமனார்: அது... தூங்கிட்டேன்.

மருமகள்: பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. இப்பக்கூட என் வாயப் பாத்துத்தான் பதில் சொல்றீங்க. ரவுட்டர்ல ஒரு கோளாறும் இல்ல மாமா. மொத நாளே எனக்குத் தெரியும்.

மாமனார்: அப்புறம் எதுக்கு ஸ்டூல்ல ஏறி எறங்கின?

மருமகள்: நீங்களே சொல்லட்டும்னு பாத்தேன். இனிமே ஏறணும்னா கூரை மேலதான் ஏறணும்.

மாமனார்: என் பையன்கிட்ட சொல்லிட்டியா?

மருமகள்: யார்கிட்டயும் மூச்சு விடல.

மாமனார்: பஸ் ஓட்டினப்ப எஞ்சின் லேசா முனகினாலே எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன். டிப்போல என் காதுக்கு அவ்வளவு மதிப்பு... அந்தக் காதப் போயி...

மருமகள்: கண்ணு மங்கினப்ப கண்ணாடி போட்டுக்கலையா? காலைல நீங்களும் நானும் மட்டும் டாக்டரப் பாத்துட்டு வரலாம். காய்கறி வாங்கப் போறோம்னு சொல்லிக்கலாம்.

மாமனார்: வரேன்... ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். வெக்கமா இருக்கு.

மருமகள்: என்கிட்ட என்ன வெக்கம்? கேளுங்க.

மாமனார்: போன வாரம் குட்டி மொத மொதல்ல ஏதோ பேசினாளே... நீங்க எல்லாரும் கை தட்டினீங்க, என் பொண்ணு அழுதுட்டா. நானும் சிரிச்சு சிரிச்சுத் தட்டினேன். எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா... குழந்த என்ன சொன்னா?