கடல்நீரில் நின்ற நுரை

அவைத்தலைவர் அவர்களே, அம்மையாரின் துணைவர் லிங்கராஜ் அண்ணாச்சி அவர்களே, அஞ்சலி செலுத்தத் தருவைகுளத்திலிருந்து இன்று கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் மீனவ உறவுகளே, சீருடையோடு நிற்கும் என் தோழர்களே!

வேதியியல் அறிஞர் முனைவர் அருணாசலவடிவு அம்மையாரைப் புகழ நான் தகுதியுள்ளவனா? எண்ணெய்க் கிடங்குத் தீயணைப்பு அணியின் தலைவன் இந்தச் செந்தூர்பாண்டி, அவரைப் பார்த்துச் சிரித்தவன்.

எண்ணெய்த் தீயைத் தண்ணீர் அணைக்காது; நுரைதான் மூடி அணைக்கும். எங்கள் பழைய நுரையில் ஃப்ளோரின் ரசாயனம் உண்டு. தீ அழியும், அந்த ரசாயனம் அழியாது. மண்ணில் கிடக்கும், மீனில் சேரும், நம் இரத்தத்திலும் தங்கும். பயிற்சி பயிற்சி என்று அதில் முழங்கால் அளவு நின்றோம், மிச்சத்தைக் கடலுக்குக் கழுவிவிட்டோம். அதற்கு மாற்று தேடினார் அம்மையார்.

முதல் சோதனையில், நுரைக் கரைசலோடு கலக்கும் தண்ணீருக்காக வழக்கம்போல் பம்பைக் கடலில் இறக்கினோம். தொட்டியில் எரியவிட்ட டீசலை அவருடைய நுரை ஒரு நிமிடம் மூடியது. பிறகு உடைந்து, டீசல் மறுபடியும் பற்றிக்கொண்டது.

“என்ன மேடம், துணி துவைக்க நுரை கொண்டாந்திருக்கியளா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கோபப்பட்டாரா? இல்லை!

“தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. ஆத்துத் தண்ணியில சோதிச்சிட்டு இங்கன வந்துட்டேன். உப்பு நுரைய உடைச்சிட்டுது. திரும்ப வாரேன்” என்றார்.

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

வந்தார். கேன் கேனாகக் கடல்நீரை ஆய்வகத்துக்கு ஆட்டோவில் ஏற்றிப் போனார். தோற்றார், வந்தார். மறுபடி தோற்றார், மறுபடி வந்தார். பத்தொன்பது முறை! இருபதாவது முறை தீ அணைந்தபின், மறுபடி பற்றுமா என்று பார்க்க, நுரையின் நடுவே எண்ணெய் எரிகிற சட்டி ஒன்றை வைக்கச் சொன்னார். இருபது நிமிடம்! தீ ஒரு சாண் பரவவில்லை. கடல்நீரில், ஃப்ளோரின் துளியும் இல்லாமல்!

“இனி ஒங்க வண்டியில ஊத்தலாம்லா?” என்று கேட்டார்.

“நெசத் தீயில பாக்காம நம்ப முடியாது மேடம்” என்றேன். இரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். போன வாரம் அவர் நம்மை விட்டு மறைந்துவிட்டார். அந்தக் குற்றம் என்னைச் சும்மா விடவில்லை.

தோழர்களே! இன்று காலை மூன்று வண்டிகளிலும் பழைய நுரையை இறக்கினோம். கழுவிய தண்ணீரையும் சேர்த்து டிரம்மில் அடைத்து முத்திரை வைத்தோம். கடலுக்கு ஒரு சொட்டு போகவில்லை. அம்மையாரின் நுரையை ஊற்றினோம்.

அம்மா, நெசத் தீயில் அதை இன்னும் நான் பார்க்கவில்லை. பயம் இருக்கிறது. ஆனால் அபாயச் சங்கு எப்போது ஊதினாலும், உங்கள் நுரையை நம்பி முதலில் இறங்குகிறவன் நான்தான்.