விளம்பரத்தில் தூங்குகிறவள்

— மெல்ல... மெல்ல மாப்ள! ஒரு கால் கழண்டு கிடக்கு. இழுக்காத, தூக்கு.

— நான் எங்க இழுத்தேன்? உங்க பஞ்சு மூட்டைதான் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. தையல் மெஷினைக் கொண்டாந்து இந்த மூலையிலயா போடுவாங்க?

— உங்க அக்கா போட்ட இடம். ஜன்னல் வெளிச்சம் வேணும்னு சொல்லுவா.

— அப்ப எதையும் மாத்தி வெக்கல... அவ எங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து.

— மெத்தை உறையெல்லாம் வெளியில குடுத்துத் தைக்கிறேன். இதைத் தொடல. உக்காரு, தண்ணி குடி. மெஷின் எங்க ஓடிடப் போகுது?

— ஓடத்தானே போகுது. கீழ வண்டி நிக்குது.

— நிஜமாவே கேட்டாளா?

— "போய் எடுத்துட்டு வா"ன்னா. வந்துட்டேன்.

— அப்ப... திரும்பி வர்ற எண்ணம் இல்ல.

— துணிமணியை எடுத்துட்டுப் போனா கோவம் மாமா. தையல் மெஷினையே எடுத்துட்டுப் போனா என்னன்னு நீங்களே சொல்லுங்க.

— ம்.

— இந்த "ம்"முக்குத்தான் அவ கிளம்பினா! "கல்லைக் கட்டிக்கிட்டிருந்தாக்கூட மழை பெஞ்சா ஒரு சத்தம் வந்திருக்கும்"னு சொல்றா.

— சரியாத்தான் சொல்றா.

— அதை அவகிட்ட சொல்லுங்களேன்! என்கிட்ட எதுக்கு... சரி, விடுங்க. கடை ஜேஜேன்னு இருக்கே? நான் படி ஏறுறேன், ரெண்டு அம்மா மெத்தைக்குச் சொல்லிட்டு இறங்குறாங்க.

— விளம்பரம் பாத்துட்டு வர்றாங்க.

— ஆங்... அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். யாரு மாமா எழுதித் தர்றா?

— போன்தான்.

— போன்ல யாரு?

— போனேதான் மாப்ள. ஏஐங்கறாங்களே. நமக்குப் பஞ்சு கொண்டாந்து போடுறாருல்ல, அவரு மக போட்டுக் குடுத்துச்சு. "போன்ல கடைக்குன்னு ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு 'மெத்தை கிடைக்கும், மெத்தை கிடைக்கும்'னே போட்டா யாரு பெரியப்பா பாப்பாங்க? வாரம் ஒண்ணு நல்லதா எழுதுங்க. இதுகிட்ட சொன்னா எழுதித் தரும்"னு.

— நீங்க உடனே சொல்லிட்டீங்க.

— முதல்ல வணக்கம் சொன்னேன்.

— போனுக்கா?

— எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க இல்லையா... மரியாதை வேணாமா?

— அது என்ன சொல்லுச்சு?

— அதுவும் வணக்கம்னுச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன்.

— ஐயோ மாமா! நல்லவேளை, நாற்காலி எடுத்துப் போடல.

— சிரி, சிரி. முதல்ல எழுதினது எனக்கும் பிடிக்கல. "அரசருக்கேற்ற உறக்கம், அசத்தலான விலை"ன்னு இருந்துச்சு. எந்த அரசன் நம்ம மாடிப்படி ஏறி வந்தான்? "ஐயா, தப்பா நினைக்காதீங்க, இது நம்ம கடை மாதிரி இல்லீங்க"ன்னேன். கோவிச்சுக்கல. திருப்பி ஒரு கேள்வி கேட்டுது பாரு...

— என்ன?

— எனக்கு மனப்பாடம். "உங்கள் வாடிக்கையாளர் யார்? எல்லாரையும் நினைக்க வேண்டாம். ஒரே ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எப்படித் தூங்குவார்? எதனால் தூக்கம் கெடும்? விடியும்போது அவர் முகம் எப்படி இருக்கும்? தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள்."

— மெத்தைக்கா இத்தனை கேள்வி?

— ஆமா மாப்ள. இத்தனை காலமா மெத்தை தைக்கிறேன். நீளம் கேப்பாங்க, அகலம் கேப்பாங்க. விடியும்போது முகம் எப்படி இருக்கும்னு ஒருத்தர் கேட்டதில்ல.

— அதெல்லாம் விளம்பரக்காரங்க வழக்கம் மாமா. சும்மா ஒரு ஆளைக் கற்பனை பண்ணி, இன்ன வயசு, இன்ன வேலைன்னு அடிச்சு விடுவாங்க.

— பொய்யா சொல்றது? டாக்டர்கிட்டப் பொய் சொன்னா மருந்து தப்பாப் போகும். எழுதுறவங்ககிட்டப் பொய் சொன்னா எழுத்து தப்பாப் போகாதா?

— அப்ப உண்மையான ஆளைச் சொல்லியிருக்கீங்க.

— சொன்னேன்.

— யாரை?

— ஒரு... வாடிக்கையாளர்.

— ஓ.

— நூல் கோத்துக்கிட்டே சொல்லுவேன். ஒரு வாரம் ஒண்ணு. இன்னொரு வாரம் இன்னொண்ணு.

— தெரியும். எங்க வீட்டுல எல்லாரும்தான் படிக்கறோம்.

— எல்லாருமா?

— எல்லாருமே. ஒண்ணு விடாம. இதோ, என் போன்லயே இருக்கு. "சிலர் தூக்கத்தில் பேசுவார்கள். இவள் சிரிக்கிறாள். விடியப்போகிற நேரத்தில், யாரோ காதோரம் ரகசியம் சொன்னதுபோல. யாரும் அதை அவளிடம் சொன்னதில்லை. முதுகு வலிக்காத இரவுகளில் மட்டும் அந்தச் சிரிப்பு வருகிறது. அந்த இரவுகளுக்காகத்தான் நாங்கள் பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து, நிரப்புகிறோம்."

— இன்னொரு வாட்டி படியேன்.

— மாமா!

— நான் சொன்னது என்ன தெரியுமா? "தூக்கத்துல சிரிப்பாங்க. விடிகாலையில. யாரும் சொன்னதில்ல." அவ்வளவுதான். ஒரு கைப்பிடி பஞ்சை வில்லுல போட்டு அடிச்சா அறை பூராப் பறக்குமே, அப்படிப் பறக்க விட்டுது. படிச்சுட்டுக் கடைக் கதவைச் சாத்திக்கிட்டேன். நானா இப்படி நினைச்சேன்? நினைச்சேன்தான். ஆனா நினைச்சது இதுதான்னு எனக்கே தெரியாது மாப்ள.

— நல்லாத்தான் இருக்கு... யாரு இல்லைன்னு சொன்னா?

— ஒரு அம்மா இதைப் படிச்சுட்டு வீட்டுக்காரரை இழுத்துக்கிட்டு வந்துச்சு. இந்த இடத்துல நிக்க வெச்சு, "நான் தூங்குறப்ப எப்படி இருப்பேன்னு இந்தக் கடைக்காரர் முன்னாடி சொல்லுங்க பாப்போம்"னு கேட்டுது. மனுஷன் திருதிருன்னு முழிச்சாரு. "குறட்டை விடுவே"ன்னாரு. அவ்வளவுதான், நான் உள்ள போயிட்டேன்.

— மெத்தை வாங்கினாங்களா?

— தனித்தனியா ரெண்டு.

— ஹாஹா! சரி மாமா, எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வாடிக்கையாளர் தூங்குறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பழைய மெத்தையில பள்ளம் விழும்ல. அதைப் பாத்தா தெரிஞ்சுடும்.

— சிரிப்பு விழுமா, பள்ளத்துல? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.

— நீ நம்ப மாட்டேங்குற. இரு, இப்பவே கேப்போம். உன் கண்ணு முன்னாடி எழுதும். ஐயா, வணக்கம். நான்தான், மெத்தைக்கடை.

— இன்னும் வணக்கமா!

— சும்மா இரு. ஐயா, அந்த அம்மா பத்தி இன்னொண்ணு. ராத்திரி குளிர் எடுத்தா தூக்கத்துலயே கையை நீட்டுவாங்க. கண்ணைத் திறக்க மாட்டாங்க. போர்வையில பாதியை இழுத்துப் பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குப் போத்திவிடுவாங்க. அவ்வளவுதாங்க. வருது பாரு மாப்ள. வரி வரியா வருது. எனக்குக் கண்ணாடி இல்ல, நீ படி.

— "அவள் விழிப்பதில்லை. கண் மூடியபடியே கை நீள்கிறது. போர்வையின் பாதி அடுத்தவரிடம் போய்ச் சேர்கிறது. பகலில் பேசாமல் முகம் திருப்பிக்கொண்ட நாட்களிலும், இரவில் அந்தக் கை வழி மறந்ததில்லை. நீண்ட கை திரும்பி வந்து இளைப்பாற, மெத்தென்று ஓர் இடம் வேண்டும். அதை நாங்கள் செய்து தருகிறோம்." கீழ இன்னும் ஏதோ இருக்கு. "முகம் திருப்பிக்கொண்ட நாட்கள் என்பது நானாக ஊகித்தது. தவறென்றால் நீக்கிவிடுகிறேன்."

— கோவத்தைப் பத்தி நான் வாயே திறக்கலையே... எப்படி மாப்ள? எப்படித் தெரிஞ்சுது அதுக்கு? ஐயா, எடுக்காதீங்க. அது இருக்கட்டுங்க.

— எனக்கே என்னமோ பண்ணுது மாமா.

— சொன்னேன்ல!

— ஆனா ஒண்ணு. பக்கத்துல படுத்திருக்கறவங்கன்னீங்களே... யாரு அது?

— மெஷினைத் தூக்கு. நேரமாகுது.

— தூக்கறேன். அந்தப் பொம்பள யாருன்னு சொல்லுங்க, தூக்கறேன்.

— உனக்கு எதுக்கு அது?

— எங்க அக்கா புருஷன் எவளோ ஒருத்தி தூங்குறதை ஊருக்கெல்லாம் எழுதிப் போடுறாரு. அக்கா இங்க இல்ல. எனக்கு எதுக்குன்னா கேக்குறீங்க?

— சத்தம் போடாத. கீழ கேக்கும்.

— நல்லாக் கேக்கட்டும்!

— உங்க அக்காடா.

— ...என்னது?

— உங்க அக்காதான். ஒரே ஒருத்தரை நினைச்சுக்கன்னு அது சொல்லுச்சு. நினைக்கறதுக்கு வேற யாரு இருக்கா எனக்கு? கண்ணை மூடினேன், அவ மூஞ்சி வந்து நின்னுச்சு. தூங்குற மூஞ்சி.

— முழிச்சிருக்கறப்ப தன்னை ஏறிட்டுக்கூடப் பாத்ததில்லைன்னு அவ சொல்றா.

— முழிச்சிருக்கறப்ப பாத்தா "என்ன?"ன்னு கேப்பா. என்னன்னு சொல்றது? தூங்குறப்ப ஒண்ணும் கேக்க மாட்டா. பாத்துக்கிட்டே இருக்கலாம்.

— இருங்க, இருங்க... போன வாரம் எங்க கூடத்துல படுத்திருந்தா. என் பொண்ணு ஓடி வந்து, "அத்தை தூக்கத்துல சிரிக்கறாங்கப்பா"ன்னுச்சு. "கனவு கண்டிருப்பா, போடி"ன்னு விரட்டிட்டேன்.

— சிரிச்சாளா? அங்கயும் சிரிக்கறாளா?

— மாமா... முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— வெக்கமா இருந்துச்சு. எல்லாரும் படிக்கறோம்னியே, அவளும் படிச்சாளா, நிஜமா?

— நிஜமா. என் போனை என் கையிலயே குடுக்கறதில்ல.

— அப்ப புரிஞ்சிருக்கும். ஊரே வந்து, யாருங்க அந்த அம்மான்னு கேட்டுது. அவகிட்டேருந்துதான் ஒரு வார்த்தை வரல. நேத்துக்கூட அதுகிட்ட கேட்டேன், "ஐயா, படிக்க வேண்டியவங்க மனசுக்குப் போய்ச் சேந்துச்சான்னு எப்படித் தெரியும்"னு. "அது எனக்குத் தெரிய வழியில்லை, நீங்கள் அவரையே கேட்டுப் பாருங்கள்"னுச்சு. கேக்க வேண்டியதே இல்லாமப் போச்சு. நீ மெஷினுக்கு வந்து நிக்கற.

— மாமா...

— அதைக் குத்தம் சொல்லக் கூடாது மாப்ள. அது எழுத வேண்டியதைவிட நல்லா எழுதிக் குடுத்துச்சு. அவ படிச்சும் வேணாம்னுட்டா. என்ன பண்றது... வா, நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன். பாத்து, படியில இடிச்சுடாத. தையல் விட்டுப் போகும்னு திட்டுவா.

— மெஷினைக் கீழ வைங்க மாமா.

— பரவால்ல, எனக்கு இது ஒண்ணும் கனம் இல்ல.

— வைங்கன்னு சொல்றேன்ல! தான் தூங்குற மூஞ்சியை எவ மாமா பாத்திருக்கா? அவ என்னத்தைக் கண்டா? "என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுஷன், எவளையோ விடிய விடியக் கண் கொட்டாமப் பாத்திருக்காரு"ன்னு சாப்பாடு இறங்காமக் கிடக்கா. மெஷின் வெறும் சாக்கு. "அவ யாருன்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லு"ன்னு என்னை மேல அனுப்பிட்டுக் கீழ வண்டியிலதான் உக்காந்திருக்கா... அட, போனை எதுக்கு எடுக்கறீங்க? வெச்சுட்டு இறங்குங்க மாமா!